சரளையில் வராத சத்தம்

பிக்கப் பட்டறை வாசலில் வந்து நின்றபோது சின்னவன் ஒரு பழைய காரின் அடியில் மல்லாந்து கிடந்தான். வந்தது யார் என்று எட்டிப் பார்க்கத் தேவையில்லை. என்ஜினை அணைப்பதற்கு முன் கொஞ்ச நேரம் அதைச் சும்மா ஓடவிட்டு, அது மூச்சு வாங்கிக்கொண்ட பிறகுதான் அண்ணி சாவியைத் திருப்புவாள். ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது அண்ணன் சொன்னது அது. சொன்ன அண்ணன் தன் காலத்தில் ஒரு நாளும் அப்படிச் செய்ததில்லை. வண்டி முழுசாக நிற்பதற்குள் சாவியைப் பிடுங்கிக்கொண்டு டீக்கடைக்குள் நுழைந்திருப்பான். பாடத்தைப் பாடமாக எடுத்துக்கொண்டவள் அண்ணிதான்.

"சத்தம் மறுபடியும் வந்துடுச்சு தம்பி," என்றாள். குரலில் குறை இல்லை. குழந்தைக்குக் காய்ச்சல் திரும்பிவிட்டது என்று டாக்டரிடம் சொல்வதைப் போலச் சொன்னாள். அதுதான் சின்னவனுக்குச் சுருக்கென்றது. நாலு வார்த்தை திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சப்பைக்கட்டு கட்டித் தப்பித்திருக்கலாம்.

அவனுக்கு நாற்பது தாண்டிவிட்டது. உச்சந்தலை பளபளவென்று ஆகிவிட்டது. ஆனாலும் அந்தத் தெருவுக்கு அவன் சின்னவன்தான். ஒரு காலத்தில் இதே பட்டறையில் அண்ணனும் தம்பியுமாக வேலை பழகினார்கள். அண்ணன் பெரியவன், இவன் சின்னவன். பெரியவன் ஸ்பேனரைத் தூக்கிப் போட்டுவிட்டு வண்டி ஓட்டப் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. சின்னவன் அப்படியே இருந்து, பட்டறைக்கே முதலாளியுமாகிவிட்டான். பெயரை மட்டும் யாரும் திருத்தவில்லை. அவனும் கேட்கவில்லை.

பிக்கப் நான்கு சக்கரமும் இழுக்கும் வகை. அண்ணன் அதை வாங்கியது மேலே மலையில் இருக்கும் பண்ணைகளுக்குத் தீவன மூட்டை ஏற்றிப் போகத்தான். மூட்டை தூக்கித் தூக்கியே முதுகு போயிற்று. ஆபரேஷன் செய்த டாக்டர், இனி குனியக் கூடாது, தூக்கக் கூடாது, நெடுநேரம் உட்கார்ந்து ஓட்டக் கூடாது என்று வரிசையாகச் சொல்ல, அண்ணன் படுக்கையில் இருந்தபடியே தலையாட்டினான். வண்டி வாசலில் நின்றது. பண்ணைக்காரர்கள் போன் மேல் போன் போட்டார்கள். யாரோ ஒரு டிரைவரை வைத்தார்கள், அவன் மூட்டையை வழியிலேயே விற்றுவிட்டு மேலே போய்க் கணக்கு தப்பு என்றான். கடைசியில் ஒரு நாள் அண்ணி, சோறு வடித்த கையைத் துடைத்துக்கொண்டே, "நான் ஓட்டக் கத்துக்கிறேன்," என்றாளாம். அண்ணன் சிரித்தானாம். அந்தச் சிரிப்பை அண்ணி இன்னும் மறக்கவில்லை என்பது சின்னவனுக்குத் தெரியும். யாருக்காவது அந்தக் கதையைச் சொல்லும்போது சிரித்த இடத்தில் மட்டும் சற்று நிறுத்துவாள்.

அவள் மலைக்குப் போகத் தொடங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் ஆளே வேறாகியிருந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து விருந்தாளிகள் இருந்தால் கதவு ஓரத்தில் நின்று பேசியவள், இப்போது பட்டறை வாசலில் இருந்தே சத்தமாகக் கூப்பிடுகிறாள். புடவைக்கு மேல் ஒரு சட்டை, வெயிலுக்கு ஒரு தொப்பி, கறுப்புக் கண்ணாடி. முதலில் டயர்க்கடைக்காரர்தான் அதைப் பார்த்து "யாருடா இது சினிமாக்காரி" என்று கேலி செய்தார். அண்ணி கண்ணாடியைக் கழற்றி அவர் மூக்கில் மாட்டிவிட்டு, "உங்களுக்கு எடுப்பா இருக்கு, நீங்களே வச்சுக்கோங்க," என்று சொல்லிப் போய்விட்டாள். மறுநாள் மனுஷன் அதைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

மழைக்காலம் முடிந்த பிறகு இந்தச் சத்தம்தான் நடுவில் வந்து சேர்ந்தது. முன்பக்கத்தில், திரும்பும்போது மட்டும், டக்... டக்... என்று. போன மாதம் அண்ணி முதல் தடவை கொண்டுவந்தபோது சின்னவன் குனிந்து பார்த்த உடனேயே, இடது ஆக்ஸிலின் ரப்பர் உறை கிழிந்து உள்ளே இருந்த கிரீஸ் சக்கரம் முழுக்கத் தெறித்திருப்பது தெரிந்தது. திரும்பும்போது டக்டக், கிழிந்த உறை. எந்த மெக்கானிக்கும் இதற்கு மேல் யோசிக்க மாட்டான். முன்பக்கம் இரண்டு சக்கரத்தையும் தூக்கி, புது ஆக்ஸில் மாட்டி, ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து, "அவ்வளவுதான் அண்ணி, முடிஞ்சது" என்று மார்தட்டி அனுப்பினான். இப்போது வண்டி திரும்பி வந்து அவன் முன்னால் நிற்கிறது.

அன்று வந்ததற்கும் இன்று வந்ததற்கும் ஒரு வித்தியாசம் இருந்தது. அண்ணி கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பின்னால் அடுக்கியிருந்த தீவன மூட்டைகளைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள். சத்தம் கேட்கும் ஒவ்வொரு தடவையும் அண்ணன், நான் ஓட்டினப்போ இந்த வண்டி வாயே திறக்கல என்கிறானாம். நேற்று ஒரு புரோக்கரிடம் பேசிவிட்டான். இன்று சாயங்காலம் வண்டியைப் பார்க்க ஒரு ஆள் வருகிறார். பிடித்திருந்தால் நாளைக்கே எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

"வித்தா விக்கட்டும், அவரு வாங்கின வண்டி," என்றாள். "என் கையில தப்பா, வண்டியில தப்பா? அது ஒண்ணு மட்டும் எனக்குத் தெரியணும். என் கையிலதான்னா, நானே சாவியக் குடுத்துட்டு உள்ள போயிடறேன்."

உள்ளே என்று அவள் சொன்னது சமையலறையை. "பார்த்துடலாம் அண்ணி" என்று சொல்லி, சின்னவன் சாவிக்குக் கை நீட்டினான். தன் வேலையில் தவறிருந்தால் அதைத் திரும்பச் செய்து கொடுத்துவிடலாம், பட்டறைக்காரனுக்கு அது புதிதில்லை. ஆனால் தன் அவசரத்தால் இவள் இத்தனை நாள் வீட்டில் பேச்சு வாங்கியிருக்கிறாள், இன்று மாலைக்குள் அந்த வண்டியே கைவிட்டுப் போகப்போகிறது.

பட்டறை இருக்கும் சந்து சரளைக்கல் போட்டது. அவன் வண்டியை எடுத்துச் சந்தின் கோடிவரை போனான், ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பினான், வந்தான். சத்தமே இல்லை. கற்கள் நெரிபட்டதுதான் மிச்சம். மறுபடி போனான். போன மாதமும் இங்கேதான் ஓட்டிப் பார்த்தான் என்பது நினைவுக்கு வந்தது. அண்ணி பட்டறை நிழலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டரைக் கண்டதும் வலி மறைந்துவிடும் நோயாளியைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். கூட வந்தவர்களுக்கு அது எவ்வளவு சங்கடம் என்று அவள் முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. தன்னைப் பொய்க்காரி ஆக்குகிறதே என்ற கோபத்தில் அவள் வண்டியையே முறைத்தாள்.

பக்கத்துக் கடையில் இருந்து டயர்க்கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். மூக்கை நுழைக்காமல் அவரால் இருக்க முடியாது. ஆனால் டயர் விஷயத்தில் அவர் மூக்கு நம்பத் தகுந்தது. குனிந்து முன் டயரின் மேல் உள்ளங்கையை வைத்து முன்னும் பின்னுமாகத் தடவினார். பிறகு பின் டயரைத் தடவினார். மறுபடி முன் டயருக்கு வந்தார்.

"இந்த டயரு ரோட்டுல ஓடலப்பா," என்றார். "ரோட்டைத் தேய்ச்சிருக்கு."

அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டதற்கு, அர்த்தமெல்லாம் நீதான் சொல்லணும், நான் டயர்க்காரன் என்று சொல்லிவிட்டுக் கடைக்குள் போய்விட்டார். சின்னவன் தானும் தடவிப் பார்த்தான். ஒரு பக்கமாகத் தடவினால் வழவழவென்றும், எதிர்ப்பக்கமாகத் தடவினால் விரலைப் பிடித்து இழுப்பதாகவும் இருந்தது. ஓடித் தேய்ந்த டயர் இப்படி இருக்காது, இழுபட்டுத் தேய்ந்தால்தான் இப்படி இருக்கும். அவன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். பிறகு அண்ணியிடம், சத்தம் எங்கெங்கே வருகிறது என்று ஒவ்வொரு இடமாகச் சொல்லச் சொன்னான்.

அவள் யோசித்து யோசித்துச் சொன்னாள். வீட்டு கேட்டுக்குள் திரும்பும்போது. மலையில் தார் போட்ட கொண்டை ஊசி வளைவுகளில். ஆஸ்பத்திரி வாசலில் வண்டியைத் திருப்பி நிறுத்தும்போது. பண்ணைகளுக்குள் மண் பாதையில் வராது. மழை பெய்து ரோடு நனைந்திருந்தால் வராது. "மழை நாள்ல நல்லாத்தான் இருக்கு. வெயில் அடிச்சா போதும், ஆரம்பிச்சுடும்," என்றாள். தான் சொல்வது தனக்கே பைத்தியக்காரத்தனமாகப் பட்டதோ என்னவோ, கடைசியில் குரலைத் தணித்துக்கொண்டாள்.

சின்னவனுக்கு அது பைத்தியக்காரத்தனமாகப் படவில்லை. சந்து போய்ச் சேரும் தார்ச் சாலையின் ஓரத்தில் ஒரு பழைய கிடங்கு உண்டு, அதன் முன்னால் அகலமான சிமென்ட் தரை. அங்கே போகலாம், நீங்களே ஓட்டுங்கள் என்றான். அவன் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டான். காய்ந்த சிமென்ட் தரையில் அண்ணி ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி வட்டம் போடத் தொடங்கியதும் வந்தது: டக். கொஞ்ச தூரம். டக். சத்தத்தோடு வண்டியும் ஒரு தடவை குலுங்கி அடங்கியது. ஆக்சிலேட்டரை விடச் சொன்னான். விட்ட உடனே, பிரேக் போட்டது போல வண்டி தன்னால் நின்றுவிட்டது.

சமதரையில் உருண்டுகொண்டிருக்கும் வண்டி அப்படி நிற்காது. யாரோ பிடித்து இழுத்தால்தான் நிற்கும். அவன் குனிந்து கியருக்குப் பக்கத்தில் இருந்த சின்ன லீவரைப் பார்த்தான். அது டூ வீலில்தான், பின்சக்கரம் இரண்டு மட்டும் இழுக்கும் நிலையில்தான் இருந்தது. டாஷ்போர்டில் ஃபோர் வீல் விளக்கும் எரியவில்லை. லீவரைப் பிடித்து அசைத்துப் பார்த்தான். அது லொடலொடவென்று, வெறும் கம்பாக, அங்கும் இங்கும் போய்வந்தது.

"இதை நீங்க தொடுறதுண்டா அண்ணி?"

தொடாதே என்றுதான் அண்ணன் சொல்லியிருக்கிறான். ஆனால் அண்ணி சற்று வெட்கத்தோடு ஒப்புக்கொண்டாள். குவாரிக்குப் பக்கத்தில் ஒரு செங்குத்தான இறக்கம் இருக்கிறது. மழை பெய்தால் அங்கே சேறு சறுக்கும். பண்ணைக்காரர் ஒருவர் தன் வண்டியில் செய்வதைப் பார்த்து அவளும் கற்றுக்கொண்டாளாம். இறக்கத்துக்கு முன்னால் நிறுத்தி, லீவரை ஃபோர் வீலுக்குத் தள்ளிவிட்டு இறங்குவாள். கீழே தார் வந்ததும் மறக்காமல் பழையபடி இழுத்துவிடுவாள். விளக்கு மட்டும் எரிவதில்லை. கேட்டதற்கு அண்ணன், அது ரொம்ப நாளாக ஃப்யூஸ் என்று சொன்னானாம். "அதை அவர்கிட்ட நான் சொல்லிக்கல. ஆனா ஒரு தடவகூட சறுக்கினதில்ல தம்பி," என்றாள். சொல்லும்போது அவள் முகத்தில் தெரிந்த பெருமையை சின்னவன் அப்போது சரியாகக் கவனிக்கவில்லை. அவன் மனம் வண்டியின் அடிக்குப் போய்விட்டிருந்தது.

பட்டறைக்குத் திரும்பியதும் முன்பக்கம் ஒரே ஒரு சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினான். கியரை நியூட்ரலில் போட்டுவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றினான். சுற்றவில்லை. டூ வீலில் இருக்கும் வண்டியின் முன்சக்கரம் கைக்குச் சும்மா சுழல வேண்டும். இரண்டு கையாலும் முயன்றான். அசையவில்லை. போன மாதம் இரண்டு சக்கரத்தையும் சேர்த்துத் தூக்கியிருந்ததால் ஒன்று முன்னால் சுற்ற மற்றது பின்னால் சுற்றி அவன் காதில் பூ சுற்றியிருக்கிறது. ஒன்றை மட்டும் தூக்கியிருந்தால் அன்றே குட்டு வெளிப்பட்டிருக்கும். லீவர் என்ன சொன்னாலும் சரி, வண்டி எப்போதும் ஃபோர் வீலில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

அண்ணிக்கு அவன் அதைச் சொன்ன விதம் இது. ரெண்டு பேர் ஒரு கட்டிலைத் தூக்கிக்கொண்டு மூலையில் திரும்பும்போது முன்னால் போகிறவன் அதிக தூரம் நடக்க வேண்டும், பின்னால் வருகிறவன் விட்டுக்கொடுக்க வேண்டும். இந்த வண்டியில் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் விட்டுக்கொடுக்க முடியாமல் பூட்டியாகிவிட்டது. சரளையிலும் சேற்றிலும் டயர் கொஞ்சம் வழுக்கிச் சமாளித்துக்கொள்ளும். காய்ந்த தாரில் வழுக்க வழியில்லை. முறுக்கு ஏறி ஏறி, தாங்க முடியாத இடத்தில் டக்கென்று விடும். உறை கிழிந்ததற்கும் அதுதான் காரணமாக இருக்கும். உங்கள் கையில் ஒரு தப்பும் இல்லை.

அண்ணி மூச்சை விட்டாள். ஆனால் சிரிக்கவில்லை. "அப்போ அது எப்படிப் பூட்டிக்கிச்சு?" என்று கேட்டாள்.

அதைப் பார்க்கத்தான் வண்டியைக் குழியின் மேல் நிறுத்தினான். குழிக்குள் இறங்கி விளக்கைத் தொங்கவிட்டான். முன்சக்கரங்களுக்கும் இழுப்பைப் பிரித்துக் கொடுக்கும் ஃபோர் வீல் பெட்டிக்குக் கீழே கல் படாமல் இருக்க ஒரு கனமான இரும்புத் தகடு போல்ட் போட்டு மாட்டியிருக்கும். ஆக்ஸில் மாற்ற அதைக் கழற்ற வேண்டியதில்லை, அதனால் போன தடவை தொடவில்லை. இப்போது கழற்றினான். அண்ணியும் படியில் இறங்கி வந்து அவன் பக்கத்தில் நின்று மேலே பார்த்தாள்.

லீவரில் இருந்து வரும் கம்பியின் முனையில், அதைப் பெட்டியோடு கோக்கும் பின் இல்லை. அது அந்தரத்தில் தொங்கியது. பெட்டியின் கை, ஃபோர் வீல் நிலைக்குத் தள்ளப்பட்டு, பக்கத்துச் சட்டத்தோடு கட்டுக்கம்பியால் கட்டப்பட்டிருந்தது. இரண்டு இழையாக எடுத்து, இறுக்கி முறுக்கி, முறுக்கிய வாலை வெட்டாமல் உள்பக்கமாக மடித்துத் தட்டையாக அமுக்கியிருந்தது. அடுத்து கை வைக்கிறவன் விரலில் கீறிவிடக் கூடாது என்று அப்படி மடிப்பது ஒரே ஒருத்தன் வழக்கம். இந்தப் பட்டறையில், இதே குழியில், வாலை மடிக்காமல் விட்டதற்காகச் சின்னவன் அவன் கையால் தலையில் குட்டு வாங்கியிருக்கிறான். சின்னவன் முகத்தைத் திருப்பி விளக்கைச் சரிசெய்வது போல நின்றான். அண்ணிக்கு அது போதுமானதாக இருந்தது.

"அவரா?" என்றாள் அண்ணி.

"ம்."

அவள் வெகுநேரம் அதையே பார்த்தாள். கோபம் வந்தது மெதுவாகத்தான், ஆனால் வந்தது. "அப்போ அந்த இறக்கத்துல ஒவ்வொரு தடவையும் நான் நிறுத்தி, அதைத் தள்ளி, அப்புறம் இழுத்து... அதெல்லாம் சும்மாவா தம்பி? சின்னப் புள்ளைக்கு விளையாடக் குடுப்பாங்களே, அந்த மாதிரியா?"

அப்போதுதான், சற்று முன் அவள் முகத்தில் வந்துபோன பெருமை சின்னவனுக்கு உறைத்தது. அண்ணன் மேல் அவனுக்கும் கோபம் வந்தது. செய்ததையும் செய்துவிட்டு, சத்தம் வந்தபோது பழியை இவள் கையில் போட்டுவிட்டு, தம்பியையும் ஒரு ஆக்ஸில் மாற்றவைத்து வேடிக்கை பார்த்திருக்கிறான். கட்டரை எடுத்துக் கம்பியில் வைத்தான்.

"இருங்க," என்றாள் அண்ணி. அவள் தகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள், குழிச் சுவரில் சாய்த்து வைத்திருந்ததை. குனிந்து அதைத் தூக்கிப் பார்த்தாள். கனம் தாங்காமல் உடனே வைத்துவிட்டாள். "எங்க வீட்டுல குழி கிடையாது. அங்க இதைக் கழட்டணும்னா எப்படிக் கழட்டுறது?"

மல்லாந்து படுத்து உள்ளே நகர வேண்டும், கழற்றும்போது தகடு நெஞ்சில் வந்து உட்காரும், பிறகு அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே திரும்ப மாட்ட வேண்டும் என்று அவன் சொல்லிக்கொண்டே வந்தவன், பாதியில் நிறுத்தினான். தான் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று அவனுக்கே அப்போதுதான் புரிந்தது. செருப்பு மாட்டக்கூடக் குனிய முடியாமல் காலால் தேடி நுழைக்கிற மனுஷன்.

அண்ணி குழியின் படியில் உட்கார்ந்துவிட்டாள். "நான் மொத மொத தனியா மேல போறதுக்கு முன்னாடி," என்றாள். "கோயிலுக்குப் போயிட்டு வந்து பார்த்தா அவரு கட்டில்ல அசைய முடியாமக் கிடந்தாரு. ரெண்டு நாள் எந்திரிக்கல. வீம்புக்குத் தண்ணிக் கேனைத் தூக்கியிருப்பீங்கன்னு நான் திட்டின திட்டு கொஞ்சநஞ்சமில்ல. ஆமா, தூக்கிட்டேன்னு சொன்னாரு."

மேலே தெருவில் டயர்க்கடைக்காரர் யாரிடமோ காற்று அடிக்கும் விஷயமாகச் சளைக்காமல் வாதாடிக்கொண்டிருந்தார். சின்னவனின் சட்டைப் பையில் போன் அடித்தது. கையெல்லாம் கிரீஸ். அண்ணிதான் எடுத்து, யாரென்று பார்த்து, ஸ்பீக்கரில் போட்டு அவன் முன்னால் நீட்டினாள்.

"என்னடா, புடிச்சிட்டியா?" என்றான் அண்ணன்.

"புடிச்சிட்டேன். தகட்டைக் கழட்டியாச்சு."

அந்தப் பக்கத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அது அணைந்தது. அண்ணி பக்கத்தில்தான் இருக்கிறாள் என்று சின்னவன் சொன்னான். சொல்லாமல் விடுவது நியாயமில்லை என்று பட்டது. அண்ணன், மழைக்காலம் மட்டும்தான் கட்டி வைக்க நினைத்தேன் என்றான். அந்த இறக்கத்தில் ஒரு தடவை தனக்கே வண்டி பக்கவாட்டில் போய்ப் பள்ளத்து ஓரத்தில் நின்றது. அதை வீட்டில் சொன்னதில்லை. புதிதாக ஓட்டுகிறவள், எந்த நேரத்தில் லீவரைப் போட வேண்டும், எப்போது எடுக்க வேண்டும் என்று பயத்தில் மறந்துவிட்டால் என்ன செய்வது. டயர் தேய்ந்தால் தேயட்டும் என்றுதான் கட்டினான். மழை முடிந்ததும் அவிழ்த்துவிடலாம் என்று இருந்தான்.

"அவுத்திருக்கலாமேண்ணே. ஏன் விட்ட?"

"எப்படிடா அவுக்கறது?" அண்ணனின் குரல் இறங்கிவிட்டது. "மறுபடி படுத்துப் பார்த்தேன். பாதி உள்ள போறதுக்குள்ள உயிர் போயிடுச்சு. அவ வர்றதுக்குள்ள வெளிய வந்தா போதும்னு ஆயிடுச்சு. சரி, உன்கிட்ட வந்தா நீ மொத தடவையே கண்டுபுடிச்சு அவுத்துடுவன்னு நெனச்சேன். நீ ஆக்ஸில மாத்தி அனுப்பிட்ட."

இது சின்னவனுக்கு வேண்டியதுதான். அவன் முகத்தில் ஈயாடவில்லை. வேறொரு நேரமாக இருந்தால் அண்ணி சிரித்திருப்பாள். அவள் போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா," என்றாள், "நானே அடியில படுத்துக் கட்டியிருப்பேன்."

அண்ணன், அந்த ஆள் சாயங்காலம் வந்துவிடுவார், வண்டியோடு வீட்டுக்கு வந்துவிடு, எதுவானாலும் நேரில் பேசிக்கொள்ளலாம் என்று சொன்னான். கெஞ்சலாகவும் இல்லை, அதட்டலாகவும் இல்லை. தினமும் அவள் திரும்பும்வரை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து களைத்துப்போன ஒருவனின் குரலாக இருந்தது. அண்ணி சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. போனை அணைத்துச் சின்னவன் பையிலேயே போட்டுவிட்டாள்.

"வெட்டுங்க தம்பி," என்றாள்.

கம்பி அறுந்து விழுந்தது. லீவரின் கம்பியைப் பெட்டியின் கையோடு சேர்த்துப் புதுப் பின் போட்டான். தகட்டைத் தூக்கும்போது அண்ணி ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். டாஷ்போர்டைத் திறந்தால், விளக்கு ஃப்யூஸ் ஆகவில்லை, பல்பையே யாரோ கழற்றியிருந்தார்கள். வேறொன்றை எடுத்துப் பொருத்தினான். பிறகு இருவருமாகக் கிடங்கின் சிமென்ட் தரைக்குப் போனார்கள். இந்த முறை அவன் ஓரமாக இறங்கி நின்றுகொண்டான்.

அண்ணி ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து ஒரு வட்டம் போட்டாள். சத்தமில்லை. எதிர்ப்பக்கம் ஒரு வட்டம். சத்தமில்லை. நிறுத்தி, லீவரை ஃபோர் வீலுக்குத் தள்ளினாள். விளக்கு எரிந்ததை ஜன்னல் வழியே விரலால் சுட்டிக் காட்டினாள். மெதுவாகத் திருப்பியதும் டக்கென்றது. தலையை ஆட்டிக்கொண்டு லீவரை இழுத்தாள். விளக்கு அணைந்தது. மறுபடி வட்டம் போட்டாள். சோதனை எப்போதோ முடிந்துவிட்டது, ஆனாலும் அவள் நிறுத்தவில்லை. மூட்டைகளோடு வண்டி அந்தத் தரையில் சத்தமில்லாமல் சுற்றிச் சுற்றி வந்தது. கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே கன்னம் ஈரமாக இருந்ததைச் சின்னவன் பார்த்தான், பார்க்காதவன் போலத் தரையில் இருந்த ஒரு கல்லைக் காலால் தள்ளினான்.

"வரேன் தம்பி," என்று கையை வெளியே நீட்டி ஆட்டிவிட்டு, தார்ச் சாலைக்குள் ஏறும் இடத்தில் போய் நின்றாள். இடது பக்கம் வீடு. வலது பக்கம் மலை. மலைக்கு மேலே மேகம் கருத்துக் கிடந்தது. வண்டியின் இடது விளக்கு மினுக்கத் தொடங்கியது. சாலை காலியாகத்தான் இருந்தது, ஆனாலும் அவள் திரும்பவில்லை. மினுக்கிக்கொண்டே நின்றாள்.

சின்னவனின் பையில் போன் மறுபடி அடித்தது. கிரீஸ் கையாலேயே எடுத்தான்.

"கெளம்பிட்டாளா?" என்றான் அண்ணன்.

"ம். ரோட்டுக்கு வந்துட்டாங்க."

"எந்தப் பக்கம்டா?"

இடது விளக்கு அணைந்தது. கொஞ்ச நேரம் எந்த விளக்கும் இல்லை. பிறகு வலது விளக்கு மினுங்கியது. முன்சக்கரங்கள் முழுக்க ஒடிந்து, வண்டி வளைந்து சாலையில் ஏறியது. என்ஜின் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. மூட்டைகளில் இருந்து தீவனத் தூள் கொஞ்சம் பறந்து அடங்கியது.

"மேல," என்றான் சின்னவன்.

வண்டி சாலையில் சிறுத்துக்கொண்டே போகும்வரை அண்ணன் போனை வைக்கவில்லை. கட்டிலோ நாற்காலியோ கிரீச்சிட்டது. மெதுவாக எழுந்து நிற்கிறான் போலிருந்தது. "அங்க மழை வர்ற மாதிரி இருக்காடா?" என்று கேட்டான்.

சின்னவன் மலையைப் பார்த்தான். முதல் துளிகள் அங்கே விழத் தொடங்கியிருக்க வேண்டும், பாதியளவு சாம்பல் நிறத்தில் மறைந்திருந்தது. அடிவாரத்தில் தாரை விட்டுப் பண்ணைகளுக்கு மண் பாதை பிரியும் இடத்தில் பிக்கப் ஓரம் கட்டி நிற்பது இங்கிருந்து சிறியதாகத் தெரிந்தது. பின்னால் இரண்டு சிவப்பு விளக்குகள் எரிந்தன. உள்ளே அவள் குனிந்து லீவரை முன்னால் தள்ளிக்கொண்டிருப்பாள். விளக்குகள் அணைந்தன. வண்டி மண்ணில் ஏறியது.